கொடிகள் மண்ணுக்குள் இருக்கும் மாதம்

பிப்ரவரி 25 — நிலாக் கணக்கில் முதல் மாதம், ஒன்பதாம் நாள்

துடைப்பத்தில் ஒரு முடிகூட இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அதுதான் கண்ணில் பட்டது. மற்ற மாதங்களில் அதன் அடியில் முடி சுற்றிக்கொண்டு கருப்பாகத் தொங்கும். தினமும் பழைய சீப்பால் நான் வாரி எடுப்பேன். இன்று கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்தது போல மஞ்சளாக நிற்கிறது.

புத்தாண்டு பிறந்து ஒன்பது நாள். ஒருவரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள். முதல் மாதத்தில் முடி வெட்டிக்கொண்டால் தாய்மாமாவின் உயிருக்கு ஆகாது. நம்பாதவர்கள்கூட எதற்கு வம்பு என்று வளர்த்துக்கொண்டு திரிகிறார்கள். இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி டிராகன் தலை தூக்கும் நாள். அன்று முடி வெட்டிக்கொள்ள வரிசை தெருமுனை வரை போகுமாம். நான் இந்தக் கடைக்கு வந்தது கோடையில்தான், இன்னும் பார்த்ததில்லை. "உன் விரல் பத்தும் ஊறி வெளுத்துப்போயிடும், பாத்துக்க" என்று ருய்ஃபாங் பயமுறுத்துகிறாள். அவள் வெட்டுவாள், நான் தலை அலசுவேன்.

குவோ அக்கா கல்லாவில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே சொன்னார்: "விளக்குத் திருவிழா முடிஞ்சதும் கடைய மூடறேன். ரெண்டாம் மாசம் ஒண்ணாந்தேதி, மார்ச் பத்தொன்பது, காலைல ரெண்டு பேரும் இங்க நிக்கணும். அதுவரைக்கும் எங்கயாவது போய்த் தொலைங்க. ஹீட்டராவது மிச்சம்."

ருய்ஃபாங் உடனே போனை எடுத்துவிட்டாள். மூன்று இடம் காட்டினாள். வெந்நீர் ஊற்று ஒன்று. ஷியான் நகரம். மூன்றாவது, ஹெலான் மலை அடிவாரத்து வைன் தோட்டங்கள். கல்லில் கட்டிய மாளிகை, முன்னால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, வெள்ளை உடுப்பில் ஒருத்தி கண்ணாடிக் கோப்பையைச் சூரியனுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் மூன்றாவதில் விரலை வைத்தேன்.

"பாத்தீங்களாக்கா இந்த ஊமச்சிய? வாயே தெறக்க மாட்டா, வைன் மட்டும் கேக்குது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் வெந்நீர் ஊற்றுக்கே போகலாம் என்று சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 26

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். மாமா அங்கே இருக்கிறார்.

அம்மாவின் தம்பி. பெயர் தாங் மான்சாங். அம்மா பருத்தி எடுக்க ஷின்ஜியாங் போனபோது எனக்கு ஏழு வயது. அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னை வளர்த்தது மாமாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சடை பின்னக்கூட அவரேதான் கற்றுக்கொண்டார். குதிரைவால் கயிறு முறுக்குவது போல இறுக்கி முறுக்குவார், வலிக்கும்.

போன வருடம் முதல் மாதம் ஆறாம் நாள் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. வகுப்பில் ஆசிரியர் என்னை எழுப்பிப் படிக்கச் சொல்வார். சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடும். பின்பெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள், நான் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று. ஒரு நாள் நாற்பது வரை போனது. இதை எப்படி மாமாவிடம் சொல்வது? சொல்வதற்கும் அதே தொண்டைதானே.

"போகாம என்ன பண்ணப்போறே? உங்கம்மா மாதிரி ரயிலேறி ஓடப்போறியா?"

அப்படிக் கேட்டார். வேறு எது கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

ஜன்னலோரம் கத்தரிக்கோல் இருந்தது. அவர் முன்னால் நின்று சடையைப் பிடரியோடு வெட்டிப் போட்டேன். முதல் மாதம், ஆறாம் நாள், பெற்றவர் மாதிரி வளர்த்த தாய்மாமாவின் கண்ணெதிரே. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். நீ செத்துப்போ என்று வாயால் சொல்வதைவிட மோசம்.

மாமா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். குனிந்து சடையை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். பிறகு, "சாப்பாடு ஆறுது" என்றார்.

நான்கு நாள் கழித்து ஹெலான் மலைக்கு, தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 27

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பரில் ஊரிலிருந்து வாங் பெரியம்மா போனில் பேசி அனுப்பினார். "ஏன் பிங்வா, உங்க மாமாவுக்குக் காலு ஒடிஞ்சுதாமே, நவம்பர்லயே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மாமா சொல்லவில்லை. புத்தாண்டுக்கு ஊருக்கும் வரவில்லை. தோட்டத்தில் காவல் இருக்கச் சொன்னார்கள் என்று எழுதினார். புத்தாண்டுக் காலையில் போனில் அவர் குரல் பதிவு வந்தது, மூன்றே விநாடி. "புது வருஷம். சாப்டியா." அதை எத்தனை முறை போட்டுக் கேட்டேனோ. நான் பதிலுக்குக் கொழுக்கட்டைப் படம் ஒன்று அனுப்பினேன். அவ்வளவுதான் முடிந்தது.

முதல் மாதம் வெட்டினேன். அந்த வருடம் முடிவதற்குள் கால்.

இவள் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்றுதான் ஊருக்கு வரவில்லையா?

பிப்ரவரி 28

இன்று ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும், தோல் சட்டை. நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒட்ட வெட்டுங்க. மொட்டை மாதிரி."

குவோ அக்கா விதை கொறிப்பதை நிறுத்தினார். "தம்பி, உனக்குத் தாய்மாமா இல்லையா?"

"இருக்கான். அதனாலதான் வந்தேன்."

அம்மா பெயரில் இருந்த வீட்டை அந்த மாமா எழுதி வாங்கிக்கொண்டாராம். ருய்ஃபாங் சிரித்துக்கொண்டே, "அப்ப நல்லா தோலோட ஒட்டி எடுத்துடறேன்" என்றாள். முதலில் நான் தலை அலசவேண்டும். அவர் முடிக்குள் விரலை விட்டேன். ரொம்ப மென்மையான முடி. கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, தண்ணி கொதிக்குது, மாமனுக்கு முன்னாடி நான் போயிடுவேன் போலருக்கே" என்றார். குழாயை எப்போது சூட்டுப் பக்கம் திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து கதவருகே நின்றார்.

"அக்கா, அந்த முடிய... கூட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"ஒரு பையில போட்டுக் குடுங்களேன். சும்மாதான்."

அவர் பையோடு போனதும் ருய்ஃபாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பயந்துட்டான் பயந்துட்டான். போற வழியில மாமனுக்குப் போன் போட்டிருப்பான், உயிரோட இருக்கியான்னு." குவோ அக்காவும் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 1

பயணத் திட்டம் ருய்ஃபாங் கையால் எழுதி கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் தேதி காலை வேகரயிலில் லான்சோவிலிருந்து யின்ச்சுவான். அங்கிருந்து பேருந்து, மலையடிவாரக் கிராமத்தில் ஒரு விடுதி. ஆள் வராத காலம் என்பதால் பாதி வாடகை. நான்கு ராத்திரி. எடுத்துப் போகவேண்டியவை: வெள்ளைச் சால்வை இரண்டு (எனக்கும் ஒன்று தருவாளாம்), சிவப்பு உதட்டுச் சாயம், கோப்பை உடையாமல் சுற்ற ஒரு துண்டு.

"கொடிக்கு நடுவுல நீ அந்தப் பக்கம் பாத்து நிக்கணும். மூஞ்சி காட்டவேணாம், உனக்குத்தான் வெக்கமாச்சே. முதுகு மட்டும்."

எனக்கு இன்னொரு திட்டம் இருக்கிறது. மாமாவிடம் சொல்லவேண்டியதைத் தயார் செய்கிறேன். கடை மூடிய பிறகு கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். 'மாமா, அன்னிக்கு நான் வெட்டினது தப்பு.' கண்ணாடியிடம் நன்றாகவே வருகிறது. மாமாவின் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னால் 'மாமா'வில் நிற்கிறது.

அவரை எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை. முகத்தைவிடக் கையைத்தான் தெளிவாக நினைத்துப் பார்க்க முடிகிறது. வலது கட்டைவிரல் நகம் பாதியில் பிளந்திருக்கும்.

விடுதிக்குப் போன் செய்வது என் பொறுப்பாம். "நீயும் ஒரு வேல செய். நாலு வார்த்த பேசினா செத்துட மாட்டே." இன்று இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 2

பேசிவிட்டேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பேசினேன். ஹான் என்று ஒரு அத்தை, குரல் தடிமனாக.

"இப்பவா வரீங்க? இப்ப வந்து எதப் பாப்பீங்க?"

"கொடி" என்றேன்.

"கொடியா? எந்த ஊரும்மா நீ? குளிருக்கு அதெல்லாம் மண்ணுக்குள்ள தூங்குது. நவம்பர்லயே கம்பியிலருந்து அவுத்துப் படுக்கவெச்சு மண்ணு போட்டு மூடிட்டாங்க. இனிமே ஏப்ரல்லதான் தோண்டி எடுப்பாங்க. இப்ப கம்பமும் கம்பியும் காத்தும்தான் இருக்கு. மாளிகைக்கும் பூட்டு. உனக்குப் பரவால்லையா?"

பரவாயில்லை என்று சொன்னேன். உடனே சொன்னேன், நிற்காமல். எனக்கே ஆச்சரியம்.

நவம்பரில் மண் போட்டு மூடினார்கள் என்றால் அந்த வேலையில்தான் மாமாவின் கால் ஒடிந்திருக்கவேண்டும். மாமாவைத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அத்தை வைத்துவிட்டார்.

ருய்ஃபாங்கிடம் சொல்லவேண்டும். சொல்லத்தான் வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 3 — விளக்குத் திருவிழா

குவோ அக்கா எள் வைத்த மாவு உருண்டை வேகவைத்துக் கொடுத்தார். ருய்ஃபாங் நான்காவது உருண்டையை வாயில் வைத்தபோது சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"மண்ணுக்குள்ளயா? எல்லாமா?"

"ம்."

"அப்ப நாம என்ன, மண்ணப் பாக்க டிக்கெட் எடுக்கறோமா? மண்ணுதான் எங்க ஊர்லயே மலை மாதிரி கெடக்கே."

அவள் கையில் போன் வந்துவிட்டது. ஷியான். அங்கே விளக்குகள் இன்னும் இருக்குமாம். "உனக்கும் சேத்து எடுக்கவா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, அவளுக்குப் புரியவில்லை.

"எந்தப் பக்கம் ஆட்டறேன்னு தெளிவா ஆட்டித் தொலையேன்டி."

வேண்டாம் என்றேன். அவள் போனைக் கீழே வைத்தாள். கோபமில்லை. கண்ணாடியில் ஒட்டிய திட்டத்தைக் கிழிக்காமல் மெதுவாக உரித்து என்னிடம் கொடுத்தாள்.

மார்ச் 4

கடை மூடியாகிவிட்டது. தனியாக நான் எங்கும் போனதில்லை. லான்சோவுக்கு வந்தபோதுகூட வாங் பெரியம்மா கூட வந்தார்.

மார்ச் 6

ருய்ஃபாங் காலையில் கிளம்பிப் போனாள். மாடியறையில் நான் மட்டும்.

போகாமலே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு நான் வருவது தெரியாது, வராததும் தெரியாது. ஏப்ரலில் போகலாம், கொடியெல்லாம் வெளியே வந்த பிறகு. அப்போது ஒரு சாக்கும் இருக்கும், பார்க்க வந்தேன் என்று. ஆனால் ஏப்ரலில் கடையில் விடமாட்டார்கள். அடுத்த முதல் மாதம்தான். இன்னொரு வருடம். மூன்று விநாடிக் குரலை வைத்துக்கொண்டு இன்னொரு வருடம்.

சாயங்காலம் குவோ அக்கா கணக்குச் சீட்டை எடுக்க வந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இங்கயே இருக்கியா நீ? எங்கயோ வைன் குடிக்கப் போறதா சொன்னாங்க?"

என்னவோ, சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை. "அங்க எங்க மாமா இருக்கார். போன வருஷம் முதல் மாசத்துல நான் முடி வெட்டிக்கிட்டேன்."

முடி வெட்டும் கடைக்காரரிடம் இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை. அக்கா என் பின்தலையைப் பார்த்தார். இப்போது தோள் வரை வளர்ந்திருக்கிறது.

"தாய்மாமாவா?"

"ம்."

"உயிரோடதானே இருக்கார்?"

"கால் ஒடிஞ்சிருக்கு."

அக்கா கணக்குச் சீட்டை எடுத்துக்கொண்டார். கீழே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் படியில் நின்று கத்தினார்: "ஒன்பதாந்தேதி வண்டி எத்தனை மணிக்கு? நான் எழுப்பிவிடறேன். நீயா எந்திரிச்சா பயந்துட்டு மறுபடி படுத்துக்குவே."

மார்ச் 9

ரயிலில் எழுதுகிறேன். பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா தூங்குகிறார். வெளியே ஆறு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. மலையெல்லாம் உலர்ந்த ரொட்டி நிறம்.

இரவு — வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்து இந்த ஊரில் தானாக நிற்காதாம். ஓட்டுநர், "ஹான் வீடா? முன்னாடியே சொல்லக்கூடாதா? எறங்கறவங்க கத்தணும், ஏறுறவங்க கை நீட்டணும், இங்க அப்படித்தான்" என்று திட்டிக்கொண்டே அரை மைல் தள்ளி இறக்கிவிட்டார். திரும்பி நடந்து வந்தேன். காற்றில் மணல். சாலையின் இரண்டு பக்கமும் கம்பங்கள், மலை வரைக்கும், அவற்றில் வெறும் கம்பி. ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் நீளமாக மண் மேடு. முதலில் பார்க்க மயானம் மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் அப்படித் தோன்றவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தால் ஆள் தெரியாமல் மேடு மட்டும் தெரியுமே, அப்படி இருந்தது.

ஹான் அத்தை குள்ளமாக இருக்கிறார், குரல்தான் பெரிது. வேறு விருந்தாளி யாரும் இல்லை. அடியில் கரி போட்டுச் சூடாக்கிய செங்கல் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டு எலும்புச் சாறு கொடுத்தார். தனக்குத் தகரக் குவளையில் கருஞ்சிவப்பாக எதையோ ஊற்றிக்கொண்டார். தோட்டத்து ஆட்கள் தங்களுக்கென்று போட்டது, சீட்டு ஒட்டாதது.

"உனக்கு இல்ல. மோந்து பாத்துக்க, இவ்ளோ தூரம் வந்திருக்கே."

மோந்து பார்த்தேன். புளிப்பாக, மழை விழுந்த மண் மாதிரி.

பிறகு கேட்டேன். பெயரை மட்டும் சொன்னேன், தாங் மான்சாங் என்று.

அத்தை குவளையை இறக்கினார். "கடைசி வரிசைக்கு அந்தாண்ட, நீலக் கூரை போட்ட கொட்டகை. பகல்ல அங்கதான் இருப்பான்." நான் யார் என்று கேட்கவில்லை. ஆனால் என் முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10

போனேன்.

கொட்டகையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பழைய கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முடி காதை மூடிக்கொண்டு கிடந்தது. நரைத்திருக்கிறது. ஒரு வருடத்தில் இவ்வளவா? என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்த அடுத்த நொடியே பெஞ்சின்மேல் இருந்த சாக்கை இழுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டார். சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"யாரு கூட்டிட்டு வந்தது?"

தலையை ஆட்டினேன்.

"தனியாவா?"

"ம்."

"எதுக்கு?"

'மாமா, அன்னிக்கு நான் வெட்டினது தப்பு.' கண்ணாடி முன்னால் எத்தனை தடவை. வாய் திறந்தது. அங்கே யாரும் எண்ணவில்லை, ஆனால் எனக்கு எண்ணுவது கேட்டது. இருபதில் நான் சொன்னேன்:

"கடையில லீவு."

"இப்பப் போய் வந்திருக்கியே. பாக்க ஒண்ணுமில்ல இங்க. மே மாசம்னா பச்சையா இருக்கும்." கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பையிலிருந்து வேகவைத்த முட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "ஹான் வீட்டுலதானே இருக்கே? காத்து ஏறும். வெளிச்சம் இருக்கும்போதே போ."

எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று கேட்டார். பதின்மூன்றாம் தேதி காலைப் பேருந்து என்றேன். சரி என்றார்.

நான் கிளம்பும்போது எழுந்து நிற்கவில்லை. நான் கம்ப வரிசைக்குள் மறையும் வரை எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீட்டில் கோழி வியாபாரி கிளம்பினால்கூட வாசல் வரை வந்து வழியனுப்புகிறவர்.

முட்டையை இன்னும் சாப்பிடவில்லை.

மார்ச் 11

மறுபடி போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. கம்பிச் சுருள்கள் மட்டும் வெளியே அடுக்கியிருந்தன.

நான் வந்துவிடுவேன் என்றுதான் பூட்டினாரா? அப்படித்தான் இருக்கும். வந்தது தப்பு. ருய்ஃபாங்கோடு ஷியான் போயிருக்கலாம்.

மார்ச் 12

இன்று ஹான் அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் அடுப்புக்குக் கரி எடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பிங்வாங்கறது நீதானே?"

சாம்பல் முறம் கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

"வந்த அன்னிக்கே தெரியும். கேட்டா ஓடிடுவேன்னு இருந்தேன். நீ என்ன, மூணு நாளா எலி மாதிரி வரே போறே. அவன் என்ன, நேத்து என் வீட்டுப் பின்பக்கம் வந்து உக்காந்துட்டு, பொண்ணு சாப்டுதா தூங்குதான்னு கேட்டுட்டுப் போறான். வாசல் பக்கம் வாடான்னா மாட்டேங்கறான்."

"ஏன்?" என்று கேட்டேன். கேட்டது என் குரல்தான்.

"ஏனா? கால வெச்சுக்கிட்டு எப்படி வருவான்? நீ பாத்துடுவியே." அத்தை மாவை ஓங்கி அடித்தார். "ஆஸ்பத்திரில கெடக்கறப்போ நான்தான் சோறு கொண்டுபோனேன். முதல்ல என்ன சொன்னான் தெரியுமா? அய்யோ வலிக்குதுன்னு சொல்லல. பிங்வாவுக்கு யாரும் சொல்லிடாதீங்க, முதல் மாசத்துல முடி வெட்டிக்கிச்சு, அதனாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்கும், சின்னப் பொண்ணு, காலத்துக்கும் மனசுல வெச்சுக்கும்னான். புத்தாண்டுக்கு ஊருக்குப் போடான்னேன். கால் நேராகட்டும், நேரா நடந்து போறேன்னான். டாக்டர் சொல்லிட்டார், அந்தக் கால் அதுக்கு மேல நேராகாது. இவனுக்குத்தான் ஏறல."

கரி வெடித்தது. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தோம்.

"கால் எப்படி..."

"எப்படியா? மண்ணு தள்ற டிராக்டர் பின்னாடி வருது. இவன் வரப்புல நின்னு காத்துக்கு முதுகக் காட்டிட்டு சிகரெட் பத்தவெக்கறான். ஒரு குச்சி அணைஞ்சுது, ரெண்டாவது குச்சி. அதுக்குள்ள ஏறிடுச்சு. உன் முடி எங்கம்மா வந்துது இதுல? அப்படிப் பாத்தா என் மகன் வருஷாவருஷம் வெட்டறான், எனக்குத் தம்பிங்க நாலு, நாலும் தடியா நிக்குது."

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. கை கரியாக இருந்தது, கழுவப் போனேன். தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழியும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

சாக்கை இழுத்துப் போட்டாரே. ஊன்றுகோலைத் தள்ளினாரே. எழுந்து நிற்காதது. நான் அதையெல்லாம் வேறு மாதிரி அடுக்கிவைத்திருந்தேன்.

ஒரு வருடமாக அவர் என்னிடமிருந்து மறைக்க, நான் அவரிடமிருந்து மறைக்க — எதை? இரண்டு பேருக்கும் தெரிந்ததையே.

மார்ச் 13

காலைப் பேருந்துக்குப் போய்ச் சாலையோரம் நின்றேன். மாமா கம்ப வரிசைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் எதுவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு அடியாக, நேராக நடக்கப் பார்த்தார். வந்து சேர்வதற்குள் இந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்துவிட்டது. இடது கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

"வண்டி இன்னும் வரலையா" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். எண்ண ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, நான் பழகிவைத்த வாக்கியம் இல்லை, வேறு.

"குச்சி எங்க மாமா?"

"எந்தக் குச்சி?"

"கொட்டகையில முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சீங்களே."

மாமா மலைப் பக்கம் பார்த்தார். "அந்த ஹான் பொம்பளை வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு போடணும்" என்றார்.

"அன்னிக்கு நான் வேணும்னுதான் வெட்டினேன்."

"தெரியும்."

"உங்களுக்கு எதுனா ஆகணும்னுதான்."

"தெரியும்னு சொல்றேன்ல." அவர் பாக்கெட்டில் சிகரெட்டைத் தேடி, எடுத்து, பற்றவைக்காமல் மறுபடி உள்ளே வைத்தார். "எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார். ஒரு கழுதைக்காகச் சண்டை எங்களுக்கு. ஆறு வருஷம், ஒவ்வொரு முதல் மாசமும், அவர் வாசல்ல போய் உக்காந்து தலையச் செரச்சிக்குவேன். அவர் பாத்துட்டே இருப்பார். எம்பத்திமூணு வயசுல ரெண்டு தட்டு கறி தின்னுட்டுப் போய்ப் படுத்தார். அதான் அவருக்கு ஆனது. எங்க மாமன் கிட்டயே வேலைக்காகல, நீ வெட்டினதுதான் ஆகப்போகுதா?"

சிரித்துவிட்டேன். மூக்கிலிருந்து வந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக முழுதாக.

"மேல படிக்க வெக்கலாம்னு நெனச்சேன் உன்ன" என்றார். "விடு."

"படிக்க எழுப்புவாங்க மாமா. எனக்கு வாய் வராது. பசங்க எண்ணுவாங்க."

"என்ன எண்ணுவாங்க?"

சொன்னேன். பின்பெஞ்சு, நாற்பது, எல்லாம். சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். அவர் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.

"இதச் சொல்லியிருக்கலாமே" என்றார். உடனே அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "எப்படிச் சொல்லுவே."

தூரத்தில் புழுதி கிளம்பியது.

"வருது. கைய நீட்டு. நீட்டலன்னா நிக்க மாட்டான் அவன்."

பேருந்து வந்தது. ஓட்டுநர் அதே ஆள்தான். என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். நான் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் எதையோ சொல்லித் திட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். புழுதி அடங்கும் வரை மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"என்ன பண்ணே நீ? இனி நாலு மணிக்குத்தான்."

"கடை பத்தொன்பதாந்தேதிதான் மாமா தெறக்கறாங்க."

அவர் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். இப்போது நேராக நடக்க முயலவில்லை. நான் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவருடைய இடது பக்கமாகப் போய், அவர் கையை எடுத்து என் வலது தோளில் வைத்துக்கொண்டேன்.